இக்கரை ரயில், அக்கரை அறை

2024 அக்டோபரில் மூன்று வாரப் பயிற்சிக்காக அலுவலகம் என்னை பிராங்க்ஃபர்ட்டுக்கு அனுப்பியிருந்தது. கடைசி வெள்ளிக்கிழமையோடு பயிற்சி முடிந்தது, திங்கட்கிழமை விமானம். நடுவில் இரண்டு நாள் சும்மா கிடந்தது. பெரிய ஊர் எதுவும் வேண்டாம், ரைன் நதியோரம் சின்னச் சின்ன ஊர்களாக இருக்கிறதே, அங்கே போய் இரண்டு ராத்திரி தங்கி, கோட்டை பார்த்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேர ரயில் பயணம்தானே, இதற்கென்ன பெரிய திட்டம் என்று புதன்கிழமை ராத்திரி படுக்கையில் படுத்தபடியே பத்து நிமிடத்தில் அறையைப் பதிவு செய்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை 288 யூரோ. அன்றைய கணக்கில் ரூபாய் இருபத்தாறாயிரத்துக்கு மேல்.

எங்கே தப்பு நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிங்கன் என்ற ஊரிலிருந்து கோப்ளென்ஸ் வரை ரைன் ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. சுமார் 65 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செங்குத்தான திராட்சைத் தோட்டங்கள், மேலே கோட்டைகள், கீழே ஆற்றை ஒட்டி ஊர்கள். 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தப் பகுதியைத்தான். இரண்டு கரையிலும் ரயில் பாதை உண்டு. ஆனால் மைன்ஸ் நகரத்தைத் தாண்டினால் கோப்ளென்ஸ் வரை ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. ஒன்று கட்ட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கடக்க வேண்டுமென்றால் படகுதான். பிங்கனில் தொடங்கி போப்பார்ட் வரை கார் ஏற்றும் படகுத்துறைகள் ஐந்து இருக்கின்றன, அவ்வளவுதான். பாலம் இல்லாத ஒரு பெரிய ஆறு ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் பதிவு செய்த அறை கௌப் என்ற ஊரில். இரண்டு ராத்திரி, ராத்திரிக்கு 74 யூரோ, ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஆறு தெரியும் ஜன்னல், ஆற்றின் நடுவே கப்பல் போல நிற்கும் ஒரு கோட்டை, இதெல்லாம் படத்தில் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் பக்கத்தில் ஓபர்வேசல் ரயில் நிலையம், இன்னொரு பக்கம் பாகராக் ரயில் நிலையம், இரண்டுமே மூன்று கிலோமீட்டர் சொச்சம். மைன்ஸிலிருந்து ஓபர்வேசலுக்கு நேர் ரயில் இருந்தது. சரி, இறங்கி நடந்தால் முக்கால் மணி நேரம் என்று மனதில் போட்டுக்கொண்டேன். கௌப்புக்கே சொந்தமாக ஒரு ரயில் நிலையம் இருக்கிறது என்பதையும், அது நான் பார்த்த இரண்டு நிலையங்களுக்கும் எதிரே, வலக்கரைப் பாதையில் இருக்கிறது என்பதையும் நான் தேடிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குக் கிளம்பி மைன்ஸில் ரயில் மாற இறங்கினேன். என்னிடம் இருந்தது டாய்ச்லாண்ட் டிக்கெட். அப்போது மாதம் 49 யூரோ. ஜெர்மனி முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். நீண்டதூர ரயில்களில் மட்டும் செல்லாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று அறிவிப்புப் பலகையில் கோப்ளென்ஸ் என்ற பெயரைக் கண்டதும், கூட்டம் ஒரு ரயிலில் ஏறுவதைப் பார்த்ததும், நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். இருக்கை மெத்தென்று இருந்தது. தலைக்கு மேலே முன்பதிவு எழுத்துகள் மின்னின. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் உள்ளூர் ரயிலைக்கூட எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் பரிசோதகர் வந்தபோது பிங்கனைத் தாண்டியிருந்தோம். நடுவயதுப் பெண்மணி. என் கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது ஐசி, அதாவது நீண்டதூர ரயில், இந்த டிக்கெட் இதில் செல்லாது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நான் தெரியாமல் ஏறிவிட்டேன், அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுகிறேன் என்றேன். அடுத்த நிலையமே கோப்ளென்ஸ்தான் என்றார். பாஸ்போர்ட்டை வாங்கிக் குறித்துக்கொண்டு ஒரு சீட்டை அச்செடுத்துக் கொடுத்தார். 60 யூரோ. திட்டவில்லை, முறைக்கவில்லை, போகும்போது நல்ல மாலைப்பொழுதாக அமையட்டும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பாகராக் நிலையத்தின் பெயர்ப்பலகை ஒரு நொடி தெரிந்து மறைந்தது. சில நிமிடங்களில் ஓபர்வேசலும் அப்படியே போனது. சூரியன் மறைந்திருந்தது. எதிர்க்கரை மலையில் கோட்டைகள் கரிக்கோட்டுச் சித்திரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நான் பார்க்க வந்தது அத்தனையும் எனக்கு எதிரே ஓடிக்கொண்டிருக்க, என் கண் முழுக்க அந்தச் சீட்டின் மேலேயே இருந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே ஒரே தண்டவாளத்தில் மூன்று விதமான ரயில்கள் ஓடுகின்றன. ஐசி, ஐசிஇ என்று தொடங்குபவை நீண்டதூர ரயில்கள். சின்ன ஊர்களில் நிற்காது, டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் செல்லாது. ஆர்இ என்பது உள்ளூர் ரயிலில் வேகமானது, டிக்கெட் செல்லும், ஆனால் எல்லா ஊரிலும் நிற்காது. ஆர்பி என்பதுதான் ஊர் ஊராக நின்று போகும் வண்டி. இடக்கரையில் அது ஆர்பி 26, வலக்கரையில் ஆர்பி 10. பலகையில் ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், அந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள். நடைமேடை கடைசி நிமிடத்தில் மாறுவதும் சகஜம். கூட்டம் போகிற பக்கம் ஓடாமல், ஏறும் முன் ரயிலின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிட்டு ஏறினால் 60 யூரோ மிச்சம்.

கோப்ளென்ஸில் இறங்கும்போது நன்றாக இருட்டியிருந்தது. இங்கேதான் அன்றைய நாளின் மிகப்பெரிய முட்டாள்தனம் நடந்தது. கோப்ளென்ஸிலிருந்து வலக்கரை ஆர்பி 10 ஏறியிருந்தால் நேராகக் கௌப்பில் போய் இறங்கியிருக்கலாம். தவறான ரயில் என்னைச் சரியான இடத்தில்தான் கொண்டுவந்து விட்டிருந்தது. ஆனால் என் மண்டைக்குள் ஓபர்வேசல் என்ற பெயர் மட்டுமே உட்கார்ந்திருந்தது. ஓபர்வேசலுக்கு எப்போது ரயில் என்று பார்த்து, அரைமணி நேரம் குளிரில் காத்திருந்து, வந்த வழியே இடக்கரையில் திரும்பிப் போனேன். பயணத் திட்டம் போடும் செயலியில் கடைசி நிலையத்தின் பெயரைப் போடாமல் தங்கும் வீட்டின் முழு முகவரியைப் போட்டிருந்தால் அதுவே எந்தக் கரை என்று சொல்லியிருக்கும். இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

ஓபர்வேசலில் ரயில் நின்றதும் கதவு திறக்கும் என்று காத்து நின்றேன். திறக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு பையன் கையை நீட்டிக் கதவிலிருந்த பொத்தானை அமுக்கினான். இந்த வண்டிகளில் நாம் அமுக்கினால்தான் கதவு திறக்கும். அந்தப் பையன் இல்லாவிட்டால் அடுத்த ஊர் வரை போயிருப்பேன். இறங்கியவர்கள் நாலு பேர், இரண்டு நிமிடத்தில் காணாமல் போனார்கள். நிலையத்தில் ஊழியர் யாரும் இல்லை, கழிப்பறை இல்லை, கடை இல்லை. ஓபர்வேசல் பழைய மதில் சூழ்ந்த ஊர், அந்த மதிலின் காவல் கோபுரங்கள் 16 இன்னும் நிற்கின்றன. அதற்குக் கீழே ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கைப்பேசி காட்டிய வழியில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியே வந்தேன். ஆற்றோரம் நெடுஞ்சாலை, அதை ஒட்டி சைக்கிள் பாதை. பெட்டிச் சக்கரத்தின் கடகட சத்தம் மட்டும் கூட வந்தது. முக்கால் மணி நேரம் நடந்த பிறகு கைப்பேசியில் நீலப் புள்ளி வந்து நின்ற இடம் ஒரு படகுத்துறை. கோடு ஆற்றுக்குள் புள்ளி புள்ளியாக இறங்கியிருந்தது. அந்தப் புள்ளி வரிசையை நான் புதன்கிழமையே பார்த்தேன். நடைபாதை என்று நினைத்திருந்தேன்.

எதிரே கௌப். விளக்குகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. யாரோ ஜன்னலைச் சாத்துவதுகூடத் தெரிந்தது. ஆற்றின் நடுவே அந்தக் கோட்டை, ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன், வெளிச்சம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். 1326-27 வாக்கில் ஆற்றில் போகும் கப்பல்களிடம் சுங்கம் வாங்குவதற்காகக் கட்ட ஆரம்பித்தது. படகு அக்கரையில் கட்டிக் கிடந்தது. துறையில் இருந்த பலகையில் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். அன்றைய கடைசிப் படகு நான் வருவதற்கு முன்பே போய்விட்டது. கூப்பிடு தூரத்தில் என் கட்டில் இருக்கிறது, போக வழி இல்லை. 1814 புத்தாண்டு ராத்திரியில் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு வந்த பிரஷ்யத் தளபதி புளூஹர் இதே கௌப்பில்தான் மிதவைப் பாலம் போட்டுத் தன் படையோடு ஆற்றைக் கடந்தாராம். அவரிடம் படை இருந்தது. என்னிடம் சக்கரம் வைத்த ஒரு பெட்டியும் பாதிப் பொட்டலம் கடலைமிட்டாயும்தான் இருந்தன.

அறைக்காரப் பாட்டிக்குப் போன் செய்தேன். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜெர்மன் வராது. படகு, இல்லை, நாளை என்ற மூன்று சொற்களை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், நான் சரி சரி என்றேன். டாக்சிக்கு இரண்டு எண்களில் முயன்றேன். ஒன்றில் யாரும் எடுக்கவில்லை, இன்னொன்றில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்குப் பேசலாம் என்றால் ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அழுகை வந்தது, அழுதேன். யாரும் இல்லாத இடத்தில் அழுவதில் ஒரு வசதி, கொஞ்ச நேரத்தில் நமக்கே போரடித்துவிடுகிறது. அப்புறம் திரும்பி அதே மூன்று கிலோமீட்டர் நடந்து ஓபர்வேசலில் விளக்கெரிந்த முதல் ஓட்டலில் நுழைந்தேன். ஓர் அறை இருந்தது, 105 யூரோ. பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்றேன். சமையலறை மூடிவிட்டது என்றார்கள். அந்தக் கடலைமிட்டாய்தான் ராத்திரிச் சாப்பாடு.

காலையில் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா பிறந்தது கொடுமுடி பக்கம், காவிரிக் கரையில். பாவம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் கண்ணு, கடைசிப் பரிசல் எத்தனை மணிக்குன்னு கேக்காமயா ஆத்தங்கரைக்குப் போவாங்க?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

படகு நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் நேரம் வேறு. கௌப் மாதிரிச் சின்னத் துறைகளில் மாலையோடு சரி. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அட்டவணை மாறும், ஞாயிற்றுக்கிழமை தாமதமாக ஆரம்பிக்கும். வெள்ளம் வந்தாலும் மூடுபனி கவிந்தாலும் நிறுத்திவிடுவார்கள். போகும் வாரத்தில் அந்தத் துறையின் அட்டவணையைப் பாருங்கள், மூன்று மாதம் முன்பு யாரோ எழுதியதை நம்பாதீர்கள். ஊர்ப் பெயர்களிலும் பொறி இருக்கிறது. சாங்க்ட் கோவார் என்று ஓர் ஊர், சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் என்று இன்னோர் ஊர். பெயரைப் பார்த்தால் ஒன்றின் பேட்டை இன்னொன்று என்று தோன்றும். முதலாவது இடக்கரை, இரண்டாவது வலக்கரை, நடுவில் ஆறு. புகழ்பெற்ற லோரலை பாறை இருப்பது இரண்டாவது ஊரின் பக்கம். அறை பதிவு செய்யும் தளத்தில் "ரயில் நிலையத்திலிருந்து 800 மீட்டர்" என்று போட்டிருந்தால், பறவை பறக்கும் தூரமா மனிதன் போகும் தூரமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நம் வேலை.

சனிக்கிழமை படகு ஓடியது. ஆற்றைக் கடக்கச் சில நிமிடங்கள்தான் ஆனது. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் 105 யூரோ என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. பாட்டி வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து ஏதோ சொன்னார், "ஐயோ பாவமே" என்பதற்கு அவர்கள் ஊரில் என்ன சொல்வார்களோ அது. முதல் ராத்திரிப் பணம் திரும்பவில்லை, நான் கேட்கவும் இல்லை. மீதிப் பணத்துக்கு அட்டையை நீட்டினேன், தலையை ஆட்டினார். ரொக்கம்தான். பெரிய நகரத்தில் மூன்று வாரம் எல்லா இடத்திலும் கைப்பேசியைக் காட்டியே பழகிவிட்டதால் என் பையில் 20 யூரோகூட இல்லை. மறுபடியும் ரயிலேறிப் பணம் எடுத்து வர மதியம் ஆகிவிட்டது. இந்த மாதிரி வீட்டோடு சேர்ந்த விடுதிகளுக்கும் படகுக்கும் கையில் 150 யூரோவாவது நோட்டாக, சில்லறையோடு வைத்துக்கொள்வது நல்லது. சில இடங்களில் அட்டை வாங்குவோம் என்பார்கள், அந்த ஊர் வங்கி அட்டை மட்டும்தான் வாங்குவார்கள்.

பகலில் அந்த இடம் எவ்வளவு அழகு என்பதையும் சொல்லாமல் இருந்தால் பாவம். பாகராக் போனேன். மரச் சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய சாய்ந்த வீடுகள், அவற்றில் ஒன்று 1368இல் கட்டியது. ஊருக்கு மேலே கூரையில்லாமல் சிவப்புக் கல்லில் நிற்கும் ஒரு கோதிக் தேவாலயத்தின் எலும்புக்கூடு. அதற்கும் மேலே ஷ்டாலெக் கோட்டை, இப்போது அது இளைஞர் விடுதி. திராட்சை அறுவடை முடிகிற காலம், தெரு முழுக்கப் புளித்த வாசனை. அந்தப் பருவத்தில் மட்டும் ஃபெடர்வைசர் என்று பாதி நொதித்த புது ஒயினை விற்பார்கள், கலங்கலாக, பதநீர் புளிக்க ஆரம்பித்தது போல இருக்கும். பிராங்க்ஃபர்ட் தோழிக்கென்று ஒரு புட்டி வாங்கிப் பையில் படுக்கவைத்தேன். அது இன்னும் நொதித்துக்கொண்டே இருப்பதால் காற்றுப் போக மூடியைத் தளர்வாகத்தான் விட்டிருப்பார்கள், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். எனக்கு யார் சொன்னது? ஸ்வெட்டர், பயிற்சிச் சான்றிதழ், பாஸ்போர்ட் உறை எல்லாம் ஊறிவிட்டன. இன்றைக்கும் அந்தச் சான்றிதழை முகர்ந்தால் லேசாகக் கள்ளுக்கடை வாசம் வரும். கூடவே வெங்காயப் பலகாரம் ஒன்று விற்பார்கள். பேரில் வெங்காயம் மட்டும்தான் இருக்கும், உள்ளே பெரும்பாலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "ஓனே ஷ்பெக்" என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பன்றிக் கொழுப்பு இல்லாமல் என்று அர்த்தம்.

சனிக்கிழமை ராத்திரி ஆறு தெரியும் ஜன்னலின் மகிமை புரிந்தது. வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ரயில் பாதை. ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை போகும் சரக்குப் போக்குவரத்தின் நடு முதுகெலும்பு இந்தப் பள்ளத்தாக்கு. பகலில் பயணிகள் ரயில், ராத்திரியில் சரக்கு ரயில். வலக்கரையில் சரக்கு இன்னும் அதிகம். தூரத்தில் உறுமல், அப்புறம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், மேசையில் தண்ணீர் டம்ளரில் வளையம் வளையமாக அலை எழும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். முடிந்தது என்று கண்ணை மூடினால் எதிர்க்கரையில் ஒன்று. மலைகள் அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்பும். பன்னிரண்டு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. ஆறு தெரியும் அறை என்று கூடுதலாகப் பணம் கொடுக்கும் முன், நடுவில் தண்டவாளம் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். இரண்டு தெரு உள்ளே தள்ளி, மலைப்பக்கம் பார்த்த அறை என்றால் தூங்கலாம். காது அடைப்பான் வாங்குவதாக இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்குள் வாங்கிவிட வேண்டும். ஞாயிறு அங்கே கடை திறக்காது, தண்ணீர்ப் புட்டி முதற்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வேடிக்கை. அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். என் கைப்பேசி தானே மாறிக்கொண்டது, பாட்டியின் சுவர்க் கடிகாரம் மாறவில்லை. நான் சுவரை நம்பி அவசர அவசரமாகக் கிளம்பி நிலையத்துக்குப் போய் ஒரு மணி நேரம் வீணாக நின்றேன். அதுவும் பரவாயில்லை, அன்று பாதை பராமரிப்பு, கொஞ்ச தூரத்துக்கு ரயிலுக்குப் பதில் பேருந்து. பலகையில் எஸ்இவி என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தது. அந்தப் பேருந்து நிலைய வாசலில் நிற்காது, வேறெங்கோ பிரதான சாலையில் நிற்கும். அதைத் தேடி முடிப்பதற்குள் ஒன்று போய்விட்டது. வார இறுதிப் பயணம் என்றால் முந்தின ராத்திரியே செயலியில் அந்த மூன்று எழுத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பும் நாளில் விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். என் விமானம் திங்கட்கிழமை என்பதால் பிழைத்தேன்.

எல்லாம் முடிந்து ஊருக்கு வந்தாயிற்று என்று இருந்தபோது நவம்பரில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி, 49 யூரோ எடுக்கப்பட்டது என்று. டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒரு தடவை வாங்கும் சீட்டு அல்ல, மாதச் சந்தா. அந்த மாதத்தோடு நிறுத்த வேண்டுமென்றால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்திருக்க வேண்டும். நான் கிளம்பும் நாளில் ரத்து செய்தேன், அது நவம்பர் கடைசிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. 10ஆம் தேதிக்குள் வாங்கினால் வாங்கிய அன்றே ரத்துப் பொத்தானையும் அமுக்கிவிடலாம், மாதம் முடியும் வரை டிக்கெட் செல்லும். ஆக அபராதம் 60, தூங்காத அறை 74, தூங்கிய அறை 105, இந்தச் சந்தா 49.

2025 ஜனவரியில் அதே பிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு வருட வேலையாக மறுபடியும் போனேன். மே மாதம் அம்மா வந்தபோது, எனக்கு அந்த ஊரைக் காட்டு என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். இந்தத் தடவை ஒரு தாளில் நடுவில் ஆற்றை வரைந்து, இந்தப் பக்கத்து ஊர்கள் இடப்பக்கம், அந்தப் பக்கத்து ஊர்கள் வலப்பக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் எதையும் பதிவு செய்தேன். தங்கியது பாகராக்கில், உள் சந்தில். என்னிடம் மாத டிக்கெட் இருந்தது. அம்மாவுக்கு மைன்ஸிலிருந்து ரைன்லாண்ட் ஃபால்ஸ் டிக்கெட் என்ற ஒருநாள் சீட்டு வாங்கினேன். அந்த மாநிலத்துக்குள் உள்ளூர் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் நாள் முழுக்கச் செல்லும், ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். வார நாளில் காலை 9 மணிக்கு முன்னால் செல்லாது, சீட்டில் பெயர் இருக்க வேண்டும். பிராங்க்ஃபர்ட் பக்கத்து மாநிலம், அங்கிருந்து மைன்ஸ் வரை தனி டிக்கெட். இரண்டு மூன்று நாள் மட்டும் வருகிறவர்களுக்கு மாதச் சந்தாவைவிட இது தொல்லையில்லாதது.

மைன்ஸிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான் வரும். அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு நான் எதிரே உட்கார்ந்தேன். மறுநாள் பாகராக்கிலிருந்து சாங்க்ட் கோவார் வரை கப்பல். ஆறு வடக்கே கோப்ளென்ஸ் பக்கம் ஓடுகிறது, அதனால் அந்தத் திசையில் கப்பல் விரைவாகப் போகும். எதிர்நீச்சலில் அதே தூரத்துக்கு நேரம் கூடும். போகும்போது கப்பல், திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொண்டால் நேரமும் மிச்சம், காலும் மிச்சம். கப்பல் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான், குளிர்காலத்தில் நம்பிப் போகாதீர்கள். லோரலை பாறையைக் கடந்தபோது அதைப் படம் எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் குவிந்தார்கள். ஆற்றிலிருந்து 132 மீட்டர் உயரம். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை பேரு?" என்று தன் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கும் அந்தப் பாறை அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால்.

கடைசி நாள் மதியம் கௌப்புக்குப் போய் அந்தப் பாட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று படகுத்துறைக்கு வந்தோம். நான் ராத்திரி நின்ற அதே சரிவு. பகலில் அது சாதாரண இடம், இரண்டு கார்கள், ஒரு சைக்கிள் குடும்பம், அக்கரையிலிருந்து கிளம்பிய படகு. நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றிருந்தாள். ஜெர்மன் ஓர் எழுத்து தெரியாது. விரலை எண்களின் மேல் வைத்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தி, "இதுதானே கடைசி?" என்றாள். தன் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, அஞ்சு மணிக்கே திரும்பிடலாம்" என்று படகுப் பக்கம் நடந்தாள்.